கண்ணை எடுக்காத கரடி

ஒரு காட்டில் இருட்டைக் கண்டால் பயப்படுகிற கரடி ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள். ஆள் பாறை மாதிரி இருந்தால் மட்டும் பயம் விட்டுவிடுமா என்ன?

அதன் பெயர் மொந்தன். மற்றக் கரடிகள் பொழுது சாய்ந்த பிறகுதான் சோம்பல் முறித்துக்கொண்டு இரை தேடக் கிளம்பும். மொந்தனோ பொழுது சாய்வதற்கு முன்பே குகைக்குள் புகுந்துகொண்டு, வாசலில் ஒரு பெரிய கல்லை உருட்டி அடைத்துவிடும். விடிந்து பறவைகள் கத்திய பிறகுதான் அந்தக் கல் நகரும். அவை விழித்திருக்கும்போது இது தூங்கும். இது விழித்திருக்கும்போது அவை தூங்கும். அதனால் மொந்தனுக்குப் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் கிடையாது. தனியாகவே காலம் தள்ளியது.

குகைக்கு நேர் மேலே ஒரு வேங்கை மரம் நின்றது. அதன் பொந்தில் பறக்கும் அணில்கள் ஏழெட்டு குடியிருந்தன. பறக்கும் அணில்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் அவை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்ததும் எழுந்து வரும். அவற்றின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே மெல்லிய தோல் ஒன்று மடிந்து கிடக்கும். உயரக் கிளையில் நின்று நான்கு காலையும் நீட்டித் தாவினால் அந்தத் தோல் விரியும். அப்படியே காற்றில் வழுக்கிக்கொண்டு போய் அடுத்த மரத்தில் இறங்கும்.

மொந்தன் இதை ஒரு நாளும் கண்டதில்லை. குகைக்குள் படுத்திருக்கும்போது வெளியே 'தொப்', 'தொப்' என்று சத்தம் மட்டும் கேட்கும். அணில்கள் மரத்துக்கு மரம் போய் இறங்குகிற சத்தம். அதைக் கேட்டால் மொந்தனுக்குக் கொஞ்சம் தைரியம் வரும். வெளியே யாரோ நல்லபடியாக நடமாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கண் அயரும்.

ஓர் ஐப்பசி மாதம் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் விடியும் நேரத்தில் வேங்கை மரம் நடுவே பிளந்து சாய்ந்தது.

சத்தம் அடங்கி, மழையும் விட்டு வெயில் வந்த பிறகு மொந்தன் கல்லை நகர்த்தி எட்டிப் பார்த்தது. வாசலில் தாய் அணில் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றது. அதன் காலடியில் ஒரு குட்டி. குட்டி என்றால் இத்தனூண்டு. அதனால்தான் அதற்குச் சிட்டிகை என்று பெயர் வைத்திருந்தார்கள். மரச்சிராய் குத்தி, சிட்டிகையின் பறக்கும் தோல் ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

"கரடி அண்ணா, எங்கள் வீடு போய்விட்டது" என்றது தாய் அணில். "மலைக்கு அந்தப் பக்கம் பொந்து தேடிப் போகிறோம். தாவித் தாவித்தான் போக வேண்டும். இவளால் முடியாது. காயம் ஆறும்வரை இவளை உங்களிடம் விட்டுப் போகலாமா?"

"என்னிடமா?"

மொந்தனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அதனிடம் இதுவரை யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை.

"அடுத்த பௌர்ணமி அன்று வந்து கூட்டிக்கொள்கிறோம். அதுவரைக்கும் இவளுக்கு..."

அதற்குள் மேலே பருந்து ஒன்று கத்தியது. தாய் அணில் அண்ணாந்து பார்த்தது. பகல் வெளிச்சத்தில் அதற்குக் கண் கூசியது. பருந்தின் நிழல் பாறை மேல் ஓடி வந்தது.

"சொல்ல நிறைய இருக்கிறது அண்ணா, நேரம்தான் இல்லை. கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!"

சொல்லிக்கொண்டே தாய் அணில் புதருக்குள் பாய்ந்து மறைந்தது.

மொந்தன் குட்டியைத் தன் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டது. குட்டி சுண்டுவிரல் நகத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனது. கரடிக்கு நெஞ்செல்லாம் நிறைந்துவிட்டது. இனி இருட்டிலும் துணைக்கு ஆள் உண்டு!

ஆனால் ஒரு சந்தேகம். பார்த்துக்கொள் என்றால் எப்படிப் பார்த்துக்கொள்வது?

அந்தக் காட்டில் சந்தேகம் வந்தால் எல்லோரும் மைனாவிடம்தான் போவார்கள். மைனாவுக்குத் தெரியாத சொல்லே கிடையாது. சொல்லுக்குப் பொருள் கேட்டால் மட்டும் அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொல்லும். இது யாருக்கும் தெரியாது, மைனாவுக்கே தெரியாது.

"மைனா, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். என்ன செய்யட்டும்?"

"இது ஒரு கேள்வியா அண்ணே!" என்றது மைனா. "கண் உங்களிடம் இருக்கிறது. கருத்து என்னிடம் இருக்கிறது. நீங்கள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருங்கள். கருத்து வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள். தீர்ந்தது."

மொந்தன் அன்றே வேலையை ஆரம்பித்தது. குகை வாசலில் வெயில் நன்றாக விழும் இடத்தில் இலை பரப்பி, அதன் மேல் சிட்டிகையை வைத்து, எதிரே உட்கார்ந்து பார்த்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது. மூக்கைப் பார்த்தது, வாலைப் பார்த்தது, மீசையை எண்ணியது. இடது பக்கம் பதினொன்று. வலது பக்கம் பன்னிரண்டு. மறுபடி எண்ணியது. அதேதான்.

சிட்டிகை வெயில் தாங்காமல் முகத்தை வாலால் மூடிக்கொண்டது.

"மூடாதே கண்ணு. மூடினால் மாமா எப்படிப் பார்ப்பேன்?"

மொந்தன் வாலை மெதுவாக விலக்கிவிட்டது. குட்டி மறுபடி மூடியது. கரடி மறுபடி விலக்கியது. பகல் முழுவதும் இப்படியே போனது. கண் சொக்கும்போதெல்லாம் யாரோ எழுப்பினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? சிட்டிகை சின்னக்குட்டி, அதற்கு எதிர்த்துப் பேசத் தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு மொந்தன் தேன் கொடுத்தது. அதுவும் சும்மா தேன் இல்லை, மலைத்தேன். பாறையின் உச்சியிலிருந்து, மூக்கெல்லாம் கொட்டு வாங்கிக்கொண்டு எடுத்து வந்தது. முதல் நாள் சிட்டிகை ஆசையாக நக்கியது. இரண்டாம் நாளும் நக்கியது. மூன்றாம் நாள் கேட்டது:

"மாமா, வண்டு இருக்கிறதா? புழு? கொஞ்சம் மரப்பிசின்? அம்மா அதெல்லாம் தருவாள்."

"வண்டா? சீச்சீ! என் செல்லத்துக்கு வண்டும் புழுவுமா? தேன் இருக்கும்போது அந்தக் கண்றாவி எதற்கு?"

இதைச் சொன்னபோது மொந்தனின் வாயோரம் காலையில் தின்ற கரையான் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. அது வேறு விஷயம்.

பொழுது சாயும் நேரத்தில்தான் சிட்டிகைக்கு முழுசாகத் தூக்கம் கலையும். காது நிமிரும். கால் பரபரக்கும். அந்த நேரம் பார்த்து மொந்தன் அதைத் தூக்கிக் குகைக்குள் கொண்டுபோய், கல்லை உருட்டி வாசலை அடைத்துவிடும்.

"மாமா, வெளியே கொஞ்சம் ஏறி விளையாடிவிட்டு வரட்டுமா?"

"வெளியிலா? இருட்டாயிற்றே! ஐயோ, என்னென்னவோ இருக்கும். மாமா பக்கத்திலேயே படு."

அடுத்த நிமிடம் மொந்தன் குறட்டை விடும். சிட்டிகை குகைச் சுவரோரமாக ஓடும். ஏறுவதற்குக் கிளை இல்லை, தாவுவதற்கு இடம் இல்லை. கூடப் பேசவும் யாரும் இல்லை. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, மறு மூலையிலிருந்து இந்த மூலைக்கு. அம்மாவைக் கூப்பிட்டுப் பார்க்கும். குறட்டைதான் பதில் சொல்லும். இப்படி விடியும்வரை விழித்திருக்கும் குட்டியை விடிந்ததும் வெயிலில் உட்காரவைத்துப் பார்ப்பது மறுபடி தொடங்கும்.

பத்து நாளில் காட்டுக்கே செய்தி பரவிவிட்டது. மைனா இருக்கும்போது பரவாமல் என்ன செய்யும்?

"வாருங்கள், வாருங்கள்! மொந்தண்ணன் வளர்க்கும் செல்லக்குட்டி! பக்கத்தில் வந்து பாருங்கள்!"

முயல்கள் வந்தன. மான்கள் வந்தன. காட்டுக்கோழி தன் குஞ்சுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்தது. குரங்குகள் சுற்றி உட்கார்ந்து, "தோலை விரிக்கச் சொல்லுங்கள், தோலை விரிக்கச் சொல்லுங்கள்" என்று நச்சரித்தன. ஒரு குரங்கு தானே காலைப் பிடித்து இழுத்து விரித்துக் காட்டியது. ஆறிக்கொண்டிருந்த காயம் சுருக்கென்று வலிக்க, சிட்டிகை கீச்சென்று கத்தியது.

"பேசக்கூடச் செய்கிறதே!" என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

மொந்தனுக்குப் பெருமை தாங்கவில்லை. இதுவரை அதைத் தேடி இத்தனை பேர் வந்ததே இல்லை. எல்லோருக்கும் தேன் கொடுத்து அனுப்பியது.

காயம் ஆறியது. ஆனால் சிட்டிகை ஓடுவதை நிறுத்திவிட்டது. குகையின் ஒரு மூலையில் உட்கார்ந்து, தன் வால் முடியைத் தானே கடித்துக் கடித்துத் துப்பத் தொடங்கியது. பஞ்சு மாதிரி இருந்த வால் நூலாக ஆகிவிட்டது. நடக்கும்போது பின்னங்கால்கள் இரண்டும் கொஞ்சம் இழுத்தன.

பார்த்துக்கொண்டே இருக்கிற கரடிக்கு இது தெரியாமல் போகுமா? தெரிந்தது. உடனே மைனாவிடம் ஓடியது.

"வால் இளைத்துவிட்டது மைனா. காலும் துவள்கிறது. உன் கருத்து என்ன?"

மைனா தலையைச் சாய்த்து யோசிப்பது போலச் செய்தது. "முடி கொட்டுகிற பருவம் அண்ணே. இன்னும் கொஞ்சம் தேன் கூட்டிக் கொடுங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட உட்கார்ந்து பாருங்கள்."

மொந்தன் தேனைக் கூட்டியது. கிட்ட உட்கார்ந்து பார்த்தது.

அந்தக் காட்டில் அழுங்கு ஒன்றும் இருந்தது. உடம்பெல்லாம் செதில் மூடிய பிராணி. யாராவது அதட்டினால் போதும், பந்தாகச் சுருண்டுகொள்ளும். இரவில் இரை தேடிவிட்டு விடியற்காலையில் வளைக்குத் திரும்பும். ஒரு நாள் அது குகை வாசலைக் கடக்கும்போது வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடந்த சிட்டிகையைப் பார்த்து நின்றது.

"மொந்தா, இவள் என்னை மாதிரி. பகலில் தூங்குகிறவள்" என்றது மெல்லிய குரலில்.

"உன்னை யார் கேட்டது?"

"வேண்டியதைத் தின்னவில்லை போலிருக்கிறது. சொந்தக்காரர்கள் இல்லாமல் இவர்களுக்கு இருப்புக்கொள்ளாது. இவளைப் பார்த்தால்..."

"பார்த்தால் என்ன? நான்தான் பார்க்கிறேனே! ஒரு நாளைப் போல இருந்த இடத்தைவிட்டு அசையாமல் வளர்க்கிறேன்!"

"வளர்க்கிறாயா?" அழுங்கு குட்டியை மேலும் கீழும் பார்த்தது. "வந்த அன்றைக்கு நான் பார்த்ததைவிடச் சின்னதாக அல்லவா இருக்கிறாள்?"

"இங்கிருந்து போ!" என்று மொந்தன் உறுமியது.

அழுங்கு சட்டென்று சுருண்டுகொண்டது. இன்னும் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. எல்லாம் அந்தப் பந்துக்குள்ளேயே போய்விட்டது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து, பிறகு அவிழ்ந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தது. எனக்கு அந்த அழுங்கின் மேல் இன்றைக்கும் கோபம்தான். இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுச் சுருண்டிருக்கலாம்.

பௌர்ணமி வந்தது.

மொந்தன் வழக்கம்போலக் கல்லை அடைத்துவிட்டுப் படுத்தது. சற்று நேரத்தில் வெளியே 'தொப்', 'தொப்' என்று சத்தம். ஒரு மாதமாகக் கேட்காத சத்தம். மூலையில் கிடந்த சிட்டிகையின் காது நிமிர்ந்தது.

"சிட்டிகை! சிட்டிகை! அண்ணா, நாங்கள் வந்துவிட்டோம்!"

"அம்மா!" சிட்டிகை காலை இழுத்துக்கொண்டு கல்லருகே ஓடியது. "மாமா, அம்மா வந்துவிட்டாள்! கல்லைத் தள்ளுங்கள்!"

மொந்தன் அசையவில்லை. வெளியே இருட்டு என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நான் பொய் சொன்னதாகிவிடும். குட்டியைக் கொடுக்க அதற்கு மனம் வரவில்லை. கொடுத்துவிட்டால் நாளைக்கு யார் வருவார்கள்? யாரைப் பார்ப்பது? குகைக்குள் மறுபடி தனியாகப் படுக்க வேண்டுமே!

"இருட்டிவிட்டது தங்கச்சி" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தது. "காலையில் வாருங்கள்."

"காலையில் எங்களுக்குக் கண் தெரியாதே அண்ணா. பருந்து வேறு சுற்றுகிறது. கொஞ்சம் நகர்த்தினால் போதும், அவள் வந்துவிடுவாள்."

"அவளுக்கு என்ன குறை? கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கவலைப்படாமல் போய்வாருங்கள்."

அணில்கள் வெகுநேரம் கூப்பிட்டுப் பார்த்தன. கல்லைச் சுரண்டிப் பார்த்தன. அவை எல்லாம் சேர்ந்தாலும் அந்தக் கல் அசையுமா? விடியும் நேரத்தில் சத்தம் ஓய்ந்தது.

மறுநாள் பகலில் மொந்தன் சிட்டிகையை வாசலுக்குத் தூக்கி வந்தது. கொழகொழவென்று தேனடை ஒன்றை எதிரே வைத்தது. சிட்டிகை அதைத் தொடவில்லை. அம்மா சுரண்டிய இடத்தில், கல்லின் மேல் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டே இருந்தது.

"மாமாவைப் பார் கண்ணு."

அது திரும்பவில்லை.

"ஒரே ஒரு தடவை பாரேன். மாமா மேல் கோபமா?"

"கோபம் இல்லை மாமா" என்றது சிட்டிகை, கல்லைப் பார்த்தபடியே. "உங்களுக்கு இருட்டென்றால் பயம். அதனால் கல்லை அடைத்துக்கொள்கிறீர்கள். எனக்கு வெளிச்சமென்றால் பயம். நான் எதை அடைத்துக்கொள்வது? இங்கே வந்ததிலிருந்து நான் பயந்துகொண்டேதான் இருக்கிறேன்."

மொந்தன் தேனடையைத் தள்ளி வைத்தது. பயம் என்றால் என்னவென்று அந்தக் காட்டில் அதைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? வயிறு எப்படிச் சில்லிடும், முதுகு எப்படிக் கூசும், ஒரு பொழுது எவ்வளவு நீளமாக இருக்கும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அப்படி ஒரு மாதம்! இத்தனூண்டு உடம்புக்குள்!

"இன்றைக்கு அம்மா வந்ததும் உன்னை ஒப்படைத்துவிடுகிறேன். சத்தியமாக" என்றது மொந்தன். தன் உடம்பாலேயே குட்டிக்கு வெயிலை மறைத்து உட்கார்ந்துகொண்டது. சிட்டிகை வெகு நாளைக்குப் பிறகு பகலில் தூங்கியது.

அன்று பொழுது சாய்ந்தது. மொந்தன் குகைக்குள் போகவில்லை. கல்லையும் உருட்டவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாசலிலேயே நின்றது. கையில் சிட்டிகை.

'தொப்', 'தொப்.' எதிரே இருந்த மருத மரத்தில் அணில்கள் வந்து இறங்கின.

"சிட்டிகை!"

"அம்மா! இதோ வந்துவிட்டேன்! மாமா, அந்தப் பலா மரக்கிளை உயரமாக இருக்கிறது. என்னை அதில் ஏற்றிவிடுங்கள். அங்கிருந்து தாவி அம்மாவிடம் போய்விடுவேன்."

மொந்தன் கண்ணை மூடியபடியே தடவித் தடவிப் பலா மரத்தடிக்குப் போனது. மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறி, எட்டின மட்டும் கையை உயர்த்தி, சிட்டிகையைக் கிளையில் வைத்தது. பிறகு கீழே இறங்கி, முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டது.

"மாமா" என்று மேலிருந்து குரல் வந்தது. "கண்ணைத் திறந்து பாருங்கள் மாமா. நான் தாவப்போகிறேன்."

அந்த ஒரு மாதத்தில் சிட்டிகை தன்னைப் பார்க்கச் சொன்னது அது ஒரு தடவைதான்.

"இருட்டாக இருக்குமே கண்ணு, மாமாவுக்கு முடியாது. நீ தாவு. நான் காதால் கேட்டுக்கொள்கிறேன்."

"சரி மாமா."

தாய் அணில் மறு மரத்தில் நின்றபடி, "காலை நன்றாக உந்து! தோலை விரி!" என்று கத்தியது.

சிட்டிகை உந்தியது. ஒரு மாதம் தேனை மட்டும் தின்ற கால்கள் அவை, உந்தவில்லை. தோலை விரித்தது. ஒரு மாதம் மடிந்தே கிடந்த தோல் அது, பாதிதான் விரிந்தது.

'தொப்.'

மொந்தன் பொத்திய கைக்குள்ளேயே சிரித்தது. அதற்குப் பழகிய சத்தம் ஆயிற்றே. "சேர்ந்துவிட்டாளா தங்கச்சி?" என்று கேட்டது.

பதில் இல்லை.

"தங்கச்சி? வந்து சேர்ந்துவிட்டாளா?"

மொந்தன் கையை விலக்கியது. பயந்து பயந்து ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு மறு கண்ணையும் திறந்தது. அது நினைத்த மாதிரி ஒன்றும் இருட்டாக இல்லை. மலைக்கு மேலே நிலா வந்திருந்தது. மரங்கள் தெரிந்தன, தரையில் கிடந்த ஒவ்வொரு பலா இலையும் தெரிந்தது. இரண்டு மரங்களுக்கும் நடுவே இருந்த பாறையும் தெரிந்தது.

தாய் அணில் இறங்கி வந்து குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தது. முகர்ந்தது. வாலைத் தொட்டுப் பார்த்தது. காலைத் தொட்டுப் பார்த்தது. அது கத்தவும் இல்லை, கரடியைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் மொந்தனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"என்ன சாப்பிட்டாள் அண்ணா?"

"தேன். மலைத்தேன்."

"வேறு?"

"தேன்தான்."

"எப்போது தூங்கினாள்?"

மொந்தனுக்குத் தெரியவில்லை.

"கடைசியாக எப்போது மரம் ஏறினாள்?"

அதுவும் தெரியவில்லை. தெரிந்தது எதையாவது சொல்ல வேண்டும் என்று அது தவித்தது. "மீசை..." என்று தொடங்கியது. "மீசை இடது பக்கம் பதினொன்று தங்கச்சி. வலது பக்கம் பன்னிரண்டு."

மொந்தன் வாய்விட்டு அழுதது. தாய் அணில் குட்டியைக் கவ்விக்கொண்டு மருத மரத்தில் ஏறியது. மற்ற அணில்களும் பின்னாலேயே போயின. 'தொப்', 'தொப்' என்ற சத்தம் மலைப்பக்கம் தேய்ந்து தேய்ந்து, இல்லாமல் போனது.

விடிந்ததும் மைனா பெரிய கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்துகூடச் சில மிளா மான்கள் வந்திருந்தன.

"எங்கே அண்ணே நம் செல்லக்குட்டி? தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், காட்டுங்கள்!"

"இல்லை" என்றது மொந்தன்.

"இல்லையென்றால்?"

"இல்லை. போய்விட்டாள்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. மைனாவுக்கு மட்டும் கருத்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிறகைக் கோதிக்கொண்டே சொன்னது:

"நான் அப்போதே நினைத்தேன் அண்ணே. இத்தனை அழகாக இருந்தால் இப்படித்தான் ஆகும். கண் பட்டுவிட்டது. யாரோ ஒருவருடைய பொல்லாத கண் பட்டுவிட்டது."

முயல் மானைப் பார்த்தது. மான் குரங்கைப் பார்த்தது. குரங்கு வேறு பக்கம் பார்த்தது.

"ஆமாம்" என்றது மொந்தன். "என் கண்தான்."

மைனா சிறகைக் கோதுவதை நிறுத்தியது. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

அன்று பொழுது சாய்ந்த பிறகும் மொந்தன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. கல் நகர்த்திவைத்த இடத்திலேயே கிடந்தது. இரைக்குக் கிளம்பிய அழுங்கு அந்த வழியாக வந்து, சற்றுத் தள்ளி நின்று, பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மரங்களிலிருந்து எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

நீதி: பார்த்துக்கொண்டிருப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு.